மாப்பிள்ளைக் காருக்குப் புது டாப்பு

பர்ர்ர்... என்று முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அடுப்படியில் நண்டின் ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அமுதவல்லியின் கை நின்றுவிட்டது. துணியை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்குத் துணியின் குரல் தெரியாதா? பழஞ்சேலை கிழிந்தால் விசும்புகிற மாதிரி இருக்கும். ரெக்சின் கிழிந்தால் சீறும். இது இரண்டும் இல்லை. கெட்டி கேன்வாஸில் போட்ட தையல் பிரிகிற சத்தம். அந்த வீட்டில் கேன்வாஸ் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் வாசலில் நின்ற காரின் மேல் அல்லவா இருந்தது!

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

முன்னறை முழுக்கப் பரந்து கிடந்தது அந்தக் கறுப்புத் துணி. அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் அவள் மகன் ராகுல். நாளை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அதற்கு மறுநாள் விடிந்தால் தாலி கட்ட வேண்டிய பிள்ளை. கையில் பிளேடை வைத்துக்கொண்டு, அம்மா தைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“டேய், டேய்! இன்னாடா பண்ற?”

“பாத்தா தெர்ல? பட்டைய பிரிக்கறேன்.”

“யாரக் கேட்டு வண்டில இருந்து கயட்டின?”

“யாரக் கேக்கணும்? நான்தான மாப்ள?”

“நலுங்கு வெச்ச புள்ள பிளேட கைல எடுப்பானா? வெய்டா கீழ. ரத்தம் கித்தம் வந்தா பொண்ணு வீட்டுக்கு இன்னா பதில் சொல்றது?”

“தெனம் வலக் கயிறு இழுத்து வராத ரத்தமா இப்ப வரப்போது? போம்மா, நண்டு கருகப்போது.”

“இன்னும் அடுப்பே பத்த வெக்கலடா!”

அவன் சிரித்தான். ஆனால் பிளேடைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு பட்டை பர்ரென்று கையோடு வந்தது. அமுதவல்லிக்கு அது தன் நெஞ்சிலிருந்தே பிரிந்து வருவது போலிருந்தது. அந்தப் பட்டைகள் இருந்தால் மட்டுமே அவளால் மகனோடு ஊர்வலம் போக முடியும். அது அவனுக்குத் தெரியாது.

அமுதவல்லி என்று கேட்டால் கோட்டைக்குப்பத்தில் ரேஷன் கடைக்காரரே கொஞ்சம் யோசிப்பார். ‘டாப்பு அமுதா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் சிங்காரம் மஞ்சள்காமாலையில் போனபோது ராகுல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மழைக்காலத்தில் படகு என்ஜின் நனைகிறதே என்று பழைய தார்ப்பாயை வெட்டி, வலை ஊசியாலேயே அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், “யக்கா, என் வண்டி டாப்பு நாரா தொங்குது. கொஞ்சம் பாக்கறியா?” என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு பொன்னேரியில் சீட்டு தைக்கிற கடையை ஒருவர் மூடியபோது, அங்கிருந்த கனத்த தையல் மெஷின் ஷேர் ஆட்டோவில் ஏறி இவள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. கருவாடு காய வைத்த கையில் சாக்பீஸ் ஏறியது. மகனை வளர்த்தாள், வீட்டுக்கு ஓடு மாற்றினாள், ராகுலுக்கென்று ஒரு ஃபைபர் போட்டில் பங்கும் வாங்கிக் கொடுத்தாள்.

அவள் கை டாப்புக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் பாலம். அந்தப் பாலத்தின் மேல் ஆட்டோ ஓட்டியவனுக்குத்தான் அங்கே அடிக்கிற காற்றின் குணம் தெரியும். ஓரத்தில் மட்டும் கட்டிய டாப்பாக இருந்தால் அடியில் புகுந்து உப்ப வைத்து, ஒரே இழுப்பில் பிய்த்துக்கொண்டு போய் ஏரியில் போட்டுவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் டாப்பு தைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே இருக்கிற குறுக்குக் கம்பி ஒவ்வொன்றுக்கும் நேராகத் துணியின் அடியில் பட்டை தைத்து, நைலான் கயிறு கோத்து, கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட வேண்டும். அமுதவல்லி போடுவது வலை முடிச்சு. அறுக்கலாம், அவிழ்க்க முடியாது.

போன மழைக்குப் புயல் வந்தபோது கடைத்தெருவில் நின்ற ஆட்டோக்களின் டாப்பெல்லாம் பறந்தன. இவள் தைத்தவை மட்டும் அசையவில்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பாக்கத்துக் கண்ணப்பன் இவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

கண்ணப்பனைத் தெரியாத கல்யாண வீடு ஏரியைச் சுற்றி எங்கும் கிடையாது. மனிதரைத் தெரியாவிட்டாலும் அவர் காரைத் தெரியும். வான நீலத்தில் ஒரு பழைய ஹெரால்டு. தகரக் கூரை கிடையாது. மேலே துணிதான். அந்தத் துணியைப் பின்னால் மடக்கிவிட்டால் கார் திறந்த தேராகிவிடும். பின் சீட்டில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, சுற்றிலும் ரோஜாச் சரம் கட்டி, பேண்டு வாத்தியம் முன்னே போக, ஊரே பார்க்க அழைத்துக்கொண்டு போவார்கள். அந்தக் காரின் டாப்பைத்தான் புயல் நார் நாராகக் கிழித்திருந்தது.

“மெட்ராஸ்ல குடுத்தா வண்டிய உட்டுட்டுப் போவச் சொல்றாங்க, தங்கச்சி,” என்றார் கண்ணப்பன். “தை மாசத்துல வண்டிய உட்டுட்டு நான் இன்னா பண்றது? மாப்ளைங்கள முதுகுல தூக்கிக்கினு போறதா?”

“கார் டாப்பு நான் தச்சதே இல்லியே அண்ணே.”

“ஆட்டோ டாப்பு தச்சவங்களுக்கு இது இன்னா பிரமாதம்? அதுக்கு மூணு சக்கரம், இதுக்கு நாலு. அவ்ளோதான வித்தியாசம்?”

கூலி பேசும்போது அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். “கூலி வாணாண்ணே. தையில என் மவனுக்குக் கல்யாணம். மாப்ள அழைப்புக்கு வண்டிய மட்டும் குடுங்க.”

சிங்காரம் உயிரோடு இருந்தபோது இந்தக் கார் தெருவில் போவதைப் பார்த்துவிட்டு, தோளில் இருந்த குழந்தையிடம், “உன்ன இதுல ஒக்கார வெச்சி நான் முன்னாடி ஆடிக்கினே வருவேன்டா” என்று சொல்லியிருந்தான். குழந்தை மறந்துவிட்டது. அமுதவல்லி மறக்கவில்லை.

கிழிந்த பழைய டாப்பைத் தரையில் பரப்பி, துண்டு துண்டாக ஒட்டுப் போட்டு அளவெடுத்தாள். முன்னால், கண்ணாடியோடு கொக்கி போட்டு மாட்டுகிற சட்டத்தில் ஆணி அடித்த தடம் இருந்தது. பின்னால் இருந்தது. நடுவில் இருந்த வளைவுக் கம்பிகளோடு துணியைக் கட்டியதற்கான அடையாளமே இல்லை. ‘எவனோ சோம்பேறி தச்சிருக்கான். காத்துக்குப் பிச்சிக்காம இன்னா செய்யும்?’ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு கம்பிக்கும் பட்டை வைத்தாள். பட்டையில் கயிறு கோத்தாள். வலை முடிச்சுப் போட்டு இறுக்கினாள். தட்டிப் பார்த்தபோது பறை மாதிரி ஒலித்தது. புயலே வந்தாலும் போகாது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் கண்ணப்பன் வந்தார். டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, தடவிப் பார்த்து, தைத்த கையை வாயாரப் புகழ்ந்தார். அப்புறம் முன்னால் இருந்த கொக்கிகளை எடுத்துவிட்டு டாப்பைப் பின்னால் தள்ளினார். அது அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். கார்தான் முன்னும் பின்னும் ஆடியது.

“தங்கச்சி, காருக்கு டாப்பு கேட்டேன். நீ வீடு கட்டிக் குடுத்துட்டியே! ஓடு போட வேண்டியதுதான் பாக்கி.”

“இன்னாண்ணே?”

“மடங்கலம்மா. கம்பிங்க ஒண்ணு மேல ஒண்ணு சரியணும். துணி நடுவுல மடிப்பு மடிப்பா உழணும். நீ கம்பிய துணியோட சேத்துக் கட்டிட்ட. எப்டி சரியும்?”

“டாப்ப எதுக்கண்ணே மடக்கணும்?” என்று உண்மையாகவே கேட்டாள் அமுதவல்லி. வெயிலும் மழையும் படாமல் இருக்கத்தானே டாப்பு? நாளெல்லாம் தண்ணீரிலும் வெயிலிலும் கிடக்கிற ஊரில், இருக்கிற நிழலைத் தானே தள்ளிவிடுகிற மனுஷனை அவள் பார்த்ததில்லை. ஊர்வலத்தின்போது டாப்பு திறந்திருந்ததை அவளும் பார்த்தவள்தான். ஆனால் டாப்பை மொத்தமாகக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு வருகிறார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

“இந்த வண்டிக்கு டாப்பு போடறதே தெறக்கறதுக்குத்தான்,” என்றார் கண்ணப்பன்.

வேறு எந்தச் சமயத்தில் சொல்லியிருந்தாலும், அமுதவல்லி தன் தப்பை அந்தக் கணமே திருத்த உட்கார்ந்திருப்பாள். வேலையில் குறை வைக்கிறவள் அல்ல. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு. “இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் மூடியே இருக்கட்டுமே அண்ணே. காத்து வேற அடிக்குது. அப்பால பிரிச்சி சரியா தச்சித் தரேன்.”

அதற்குக் காரணம் இருந்தது.

புருஷன் இல்லாதவள் மாப்பிள்ளை அழைப்புக்கு எதிரே வருவதில்லை. பெற்ற தாயாக இருந்தாலும்தான். வீட்டுக்குள்ளே ஓர் அறையில் இருந்துகொள்வாள். கட்டுசாதம் கட்டுவாள், பூ பிரித்துக் கொடுப்பாள், அட்சதைக்கு மஞ்சள் கலப்பாள். மேளம் கிளம்பும்போது மட்டும் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். யாரும் உத்தரவு போடுவதில்லை. போடாமலே நடக்கிறது. அமுதவல்லியும் அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. அவளுக்கே உள்ளூர பயம். தன் ராசி பிள்ளைமேல் பட்டுவிடுமோ என்று.

ஆனால் டாப்பு போட்டு முடித்த அன்று மத்தியானம் தெருவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் காருக்குள் ஏறி, பின் சீட்டின் மூலையில் உட்கார்ந்து பார்த்தாள். உள்ளே நல்ல இருட்டு. புதுக் கேன்வாஸ் வாசனை. பின்புறம் அவள் வைத்துத் தைத்த ப்ளாஸ்டிக் ஜன்னல் வழியாகத் தெரு மங்கலாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு எல்லம்மா காரை ஒட்டியே கூடையோடு போனாள். உள்ளே ஒருத்தி இருப்பது அவளுக்குத் தெரியவில்லை! அமுதவல்லிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிள்ளை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரட்டும். தான் இந்த மூலையில், இந்த இருட்டில், யார் கண்ணிலும் படாமல் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் கூடவே போய்விடலாம். மேளத்தைக் கேட்கலாம். பிள்ளையின் கழுத்து மாலையைப் பின்னாலிருந்தாவது பார்க்கலாம். மண்டபத்துக்குப் பின்வாசலில் இறங்கிக்கொண்டால் ஆயிற்று. அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆசை எதுவும் பட்டதில்லை.

ராகுலின் பிளேடு இப்போது அதைத்தான் அறுத்துக்கொண்டிருந்தது.

“டாப்ப மூடிக்கினு போனா மாப்ள எங்கன்னு ஜனங்க தேடும்மா. வண்டிக்குள்ள பொணமா போது?”

“வாய கழுவு! நல்ல நாள்ல பேசற பேச்சா?”

“அப்ப தெறந்து உடு. கண்ணப்பன் அண்ணன் எல்லாம் சொல்ட்டாரு. ‘உங்கம்மா மூடியே வெக்கலாம்னு கெஞ்சிச்சிப்பா, இன்னா விஷயம்’னு என்னியே கேக்கறாரு. இன்னா விஷயம்?”

அமுதவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“ஒண்ணும் இல்ல.”

“யம்மா, என்னப் பாத்து சொல்லு.”

“நான்... பின்னாடி மூலைல உக்காந்து வரலாம்னு பாத்தேன்டா. யாருக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு கம்முனு இருப்பேன்.”

ராகுல் பிளேடை வைத்துவிட்டான். இத்தனை நாளாக அம்மா தன்னோடு வரப்போகிறாள் என்றே நினைத்திருந்தவன் அவன். அதைக் கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றியதில்லை. ஆம்பளைப் பிள்ளைகளுக்கு இந்த வீட்டுக் கதவுகளின் கணக்கு என்றைக்குப் புரிந்தது?

“நீ தச்ச டாப்புக்குள்ள நீயே ஒளிஞ்சிக்கினு வருவியா?”

“ஒளியறது இல்லடா...”

“வேற இன்னா? எனக்கு இட்லி சுட்டுப் போட்டு, மெஷின் மிதிச்சி, காலு வீங்கி, என்ன இவ்ளோ பெருசாக்கினது நீ. அது ஊருக்கே தெரியும். அப்ப யாரும் உள்ள போய் உக்காருன்னு சொல்லல. இப்ப வண்டில ஏறும்போது மட்டும் ஒளிஞ்சிக்கணுமா?” அவன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினான். “இதோ பாரு. வந்தா டாப்ப தெறந்து உட்டு என் பக்கத்துல உக்காந்து வா. ஒளிஞ்சி வர்ற மாதிரி இருந்தா வராத. நான் தனியா போய்க்கறேன்.”

சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டான். கோபமாகப் போனானா, கண்ணீரை மறைக்கப் போனானா என்று தாய்க்கே தெரியவில்லை.

அமுதவல்லி நண்டுக் குழம்பை வைத்து இறக்கினாள். பிறகு வந்து துணியின் முன்னால் உட்கார்ந்தாள். தன் மனசு எப்படியோ போகட்டும், பிள்ளை நாளைக்கு மூடின காருக்குள் போகக் கூடாது. அதை மட்டும் முடிவு செய்துகொண்டாள். தான் வழக்கம் போல உள்ளே இருந்துகொள்ளலாம்.

மிச்சமிருந்த பட்டைகளை அவளே பிரித்தாள். தைத்த கை பிரிக்கும்போது துணிக்கு வலிக்காது. ஊசித் துளைகளின் மேல் உள்பக்கமாக மெல்லிய துண்டு வைத்துத் தைத்து, மழை இறங்காதபடி மெழுகு தேய்த்தாள். பிறகு வெளியே வந்து, வெறும் கம்பிகளோடு நின்ற காரைப் பார்த்தாள். ஒவ்வொரு கம்பியையும் கையால் மடக்கிப் பார்த்தாள். முதல் கம்பி இரண்டாவதின் மேல் சாய்ந்தது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதின் மேல் சாய்ந்தன. அடடா, இது கூடாரம் இல்லை, விசிறி! விசிறியை நடுவில் கட்டிப் போட்டால் எப்படி மடியும்? துணி முன்னாலும் பின்னாலும் மட்டும் பிடித்திருக்க வேண்டும். நடுவில் கம்பிகள் விலகாமல் இருக்க, முன்னிருந்து பின் வரைக்கும் அகலமான நாடா இரண்டு ஓட வேண்டும். துணி அந்த நாடாவின் மேல் சும்மா படுத்திருக்க வேண்டும். எவனோ சோம்பேறி என்று திட்டினாளே, அந்த முகம் தெரியாத தையல்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

நாடா கட்டினாள். துணியைப் போட்டாள். மூலைகளை வெயிலில் இழுத்து இழுத்துப் பிடித்து, சுருக்கம் போனதும் ஆணி அடித்தாள். ஓரங்களில் பொத்தான் வைத்தாள்.

கண்ணப்பன் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கொக்கியை எடுத்து, இரண்டு விரலால் தள்ளினார். கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. கேன்வாஸ் மடிப்பு மடிப்பாக விழுந்து, பின் சீட்டுக்குப் பின்னால் போய் அடங்கியது. கார் திறந்துகொண்டது. அமுதவல்லி ஒளிந்து பார்த்த அந்த மூலையில் பளீரென்று வெயில் விழுந்தது.

“தங்கச்சி,” என்றார் அவர். “புதுசா வாங்கினப்போகூட இவ்ளோ லேசா இது மடங்கி இருக்காது. நாளைக்கு நீ எங்க உக்கார்ற? மாப்ளைக்கு வலது பக்கமா, இடது பக்கமா? சொல்லிட்டா அந்தப் பக்கம் பூ கொஞ்சம் தாழக் கட்டுவேன்.”

அமுதவல்லி “டீ போடறேண்ணே” என்று உள்ளே போய்விட்டாள்.

கண்ணப்பன் டீ குடித்துவிட்டுப் பூக்காரரைப் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போன பிறகுதான் லோகாம்பாள் வந்தாள். சிங்காரத்தின் அக்கா. அந்தக் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதும் அவள் வாயிலிருந்து உத்தரவாகாமல் நடக்காது. வெளுத்த நீலச் சேலை, வெற்று நெற்றி. அவளும் தாலி அறுத்தவள்தான், அமுதவல்லிக்கு வெகுகாலம் முன்பே.

வரும்போதே திறந்து கிடந்த காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இன்னாமே, வேலையெல்லாம் ஆச்சா?”

“ஆச்சி அண்ணி. டீ குடிக்கறியா?”

“வாணாம். ஆரத்திக்கு நம்ம சின்னவன் பொண்டாட்டி மனோரமாகிட்ட சொல்ட்டேன். அவ முன்னாடி நிப்பா. நீ பாக்கு வெத்தல எல்லாம் எடுத்துக் குடுத்துட்டு உள் ரூமுக்குப் போய்டு. ராகுலு சின்னப் பையன், எதுனா சொல்லுவான். ‘அம்மா வா, பக்கத்துல உக்காரு’ன்னுவான். காலையில அவன் சத்தம் போட்டத எல்லம்மா தெரு பூரா சொல்லிட்டா. நீ ஆடாத. இன்னா?”

“ம்.”

“நான் கெட்டவள்னு நெனைக்காத. நான் இல்லியா? என் மவன் கவியரசன் கல்யாணத்துல நான் ஸ்டோர் ரூம்ல உக்காந்துகினு இருந்தேன். அரிசி மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவுல. மேளம் கெளம்புது, வெடி வெடிக்கறாங்க, ஜனங்க சிரிக்கறாங்க. நான் கதவப் பாத்துக்கினு உக்காந்துகினு இருந்தேன். பொறுத்துக்கல?”

“பொறுத்துக்கின அண்ணி.”

“இன்னா கொறஞ்சி போச்சி? ஒண்ணும் கொறயல. புள்ளயும் மருமவளும் நல்லாத்தான கீறாங்க?” லோகாம்பாள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். “வீடியோ எடுத்தாங்க பாரு. அது இருக்குது வீட்டுல. போன பொங்கலுக்குப் பேத்தி போட்டுப் பாத்துக்கினு இருந்தா. எல்லாரையும் காட்டிக் காட்டிக் கேக்கறா. இது யாரு, அது யாருன்னு. முழுசா ஓடி முடிஞ்சிது. அப்பால என்னப் பாத்து கேக்கறா...”

லோகாம்பாள் நிறுத்தினாள். உத்தரவு போட்டே பழகிய அந்தக் குரல் திடீரென்று வழி தெரியாமல் நின்றது.

“இன்னா கேட்டா அண்ணி?”

“‘ஆயா, அப்ப நீ செத்துட்டியா’ன்னா.”

வெளியே ஏரிக்காற்று காரின் மடிந்த கேன்வாஸை லேசாக அசைத்துக்கொண்டிருந்தது. லோகாம்பாள் சிரிக்க முயன்றாள். வாய் கோணிக்கொண்டது. கண்ணிலிருந்து வந்த நீரைத் துடைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு காலமாக அழுது பழக்கமில்லை.

“கொயந்த தான? தெரியாம கேட்டா,” என்றாள்.

அமுதவல்லி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கரடுமுரடான அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். தன் ராசி, தன் பயம், ஊர், வாய்கள் என்று அத்தனை நாளாக நெஞ்சுக்குள் இறுக்கிக் கட்டி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயின என்று அவளுக்கே தெரியவில்லை. நாளைக்கு ராகுலுக்கு ஒரு மகள் பிறப்பாள். அவளும் ஒரு பொங்கலுக்கு வீடியோ பார்ப்பாள்.

“அண்ணி, நான் நாளைக்கு வண்டில உக்காரப்போறேன்.”

லோகாம்பாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகம் இறுகியது.

“டாப்ப மூடிக்கினா?”

“தெறந்துதான்.”

“பொண்ணு வீட்டுக்காரங்க எதுனா சொன்னா?”

“சொல்லட்டும். பவித்ரா நல்ல பொண்ணு. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. சொல்றவங்க சொல்லிட்டு சாப்ட்டுப் போவாங்க.”

“ஊரு ரொம்ப பேசும்மே.”

“பேசுனா கேட்டுக்கறேன். உள்ள உக்காந்துகினு மேளத்தக் கேக்கறதுக்கு, வெளிய உக்காந்துகினு அவங்க பேசறதக் கேக்கறது மேல் இல்லியா?”

லோகாம்பாள் வெகுநேரம் அவளைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாளா, அணைக்கப் போகிறாளா என்று சொல்ல முடியாத பார்வை அது.

“நீயும் வா அண்ணி,” என்றாள் அமுதவல்லி. “பின்னாடி சீட்டு அகலம். ஒரு பக்கம் நானு, ஒரு பக்கம் நீ. நடுவுல உன் தம்பி புள்ள. அவனுக்கு அத்தைன்னா உசுரு.”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், லோகாம்பாளின் கண் வாசலுக்குப் போய், வெயில் விழுந்துகொண்டிருந்த அந்தச் சீட்டின்மேல் நின்றது. பிறகு தலையை அசைத்தாள்.

“என் மவன் கல்யாணம் முடிஞ்சி போச்சிமே.”

அதற்குமேல் அமுதவல்லியால் கூப்பிட முடியவில்லை. கூப்பிட்டால் அது அந்த மனுஷியைப் புண்படுத்துவதாகிவிடும் என்று தோன்றியது.

லோகாம்பாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்ததும் பழைய நாத்தனார் திரும்பி வந்துவிட்டாள். குரலிலும் அதே அதிகாரம்.

“நாளைக்கு இன்னா பொடவ எடுத்து வெச்சிருக்க?”

“சாம்பல் கலர் ஒண்ணு...”

“அது வாணாம். காரு நீலம், மேல ரோஜாப் பூவு. சாம்பல் கலர்ல போய் உக்காந்தா தெரியவே மாட்ட. அரக்கு ஒண்ணு உன்கிட்ட கீது இல்ல, நம்ம சிங்காரம் எடுத்துக் குடுத்தது? அதக் கட்டு. ஏறும்போது பொடவ கதவுல மாட்டிக்காம பாத்துக்கோ. நேரா உக்காரு. கூனிக்கினு உக்காந்தா போட்டோல அசிங்கமா உழும்.”

“சரி அண்ணி.”

“நான் எங்க வீட்டு வாசல்ல நிப்பேன். உள்ள போ மாட்டேன். வண்டி அங்க வர்றப்போ கண்ணப்பன்கிட்ட கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு.”

அமுதவல்லி தலையை ஆட்டினாள். லோகாம்பாள் படியிறங்கினாள். கார் பக்கத்தில் நின்று, மடங்கிக் கிடந்த கேன்வாஸின்மேல் ஒரு கையை வைத்தாள். தையல் எப்படி என்று பார்ப்பவள் போலத் தடவிப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்தாள்.

அவள் முனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, அமுதவல்லி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பெட்டியின் அடியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்து உதறினாள்.